மழைக்காலத்தில் மாட்டிக்கொள்ளும் மடக்குக் கதவு: இழைக்கலாமா, வேண்டாமா?

பாமணியாறு (மன்னார்குடி) எழுதியது:

வணக்கம். வீட்டில் இரண்டு மடக்குக் கதவுகள் இருக்கின்றன. ஒன்று பூஜை அறைக்கு. தேக்குச் சட்டம் போட்டது. இன்னொன்று சமையலறையை ஒட்டிய சாமான் அறைக்கு. பிளைவுட்டின் மேல் மைக்கா ஒட்டியது. இரண்டும் இரு மடிப்புக் கதவுகள். மேலே அலுமினியச் சேனலில் ரோலர் ஓடுகிறது. கீழே சுவரோரத்தில் மட்டும் ஒரு முளை, தரையில் அடித்த தகட்டில் உட்காருகிறது.

கோடையில் ஒரு விரலால் தள்ளினாலே போதும். ஐப்பசி பிறந்துவிட்டால் பூஜை அறைக் கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. சாமான் அறைக் கதவு பாதி வழியில் 'டக்' என்று நின்று, அழுத்தித் தள்ளினால் ஒரு குதி குதித்து நகர்கிறது. மாட்டிக்கொடுத்த தச்சர் தொலைபேசியை எடுப்பதில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். இரண்டையும் கழற்றி ஓரம் இழைத்துவிடலாம் என்கிறார். கார்த்திகை தீபத்துக்குள் சரியாகிவிட வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறார். இழைக்கச் சொல்லலாமா?

குடமுருட்டி (பாபநாசம்) எழுதியது:

தாராளமாக இழைக்கலாம். எங்கள் வீட்டுக் கதவையும் இழைத்தோம், அதற்குப் பிறகு ஒரு தொல்லையும் இல்லை. மரம் என்றால் மழையில் உப்பத்தான் செய்யும். இதற்குப் போய் மன்றத்தில் தனியாக ஓர் இழை தொடங்க வேண்டுமா?

பழைய உளி (கும்பகோணம்) எழுதியது:

தம்பி, பக்கத்துத் தெருக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். இழைத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. 'ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழை' என்ற காலத்தில் இழைத்தால், சித்திரையில் நிலைக்கும் கதவுக்கும் நடுவே பல்லி புகுந்து போகும். மைக்கா ஒட்டிய கதவை இழைக்கிறேன் என்று சொல்பவரிடம் எதற்கும் இரண்டாவது முறை கேட்டுக்கொள்ளுங்கள். இழைப்புளி பட்டால் மைக்காவின் ஓரம் பெயர்ந்து வரும். உள்ளே தெரியும் பிளைவுட் அடுத்த மழையில் வாயைப் பிளக்கும்.

நீங்கள் எழுதியதிலேயே இரண்டு தனித்தனி நோய்கள் இருக்கின்றன. ஒன்று நிலையில் உரசுகிறது, மற்றொன்று ஓட்டத்தில் தடுக்குகிறது. இரண்டுக்கும் ஒரே மருந்தாக இழைப்புளியைத் தூக்குவது சரியில்லை.

மடக்குக் கதவு எப்படி நிற்கிறது என்று முதலில் பாருங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் வாசல் கதவுக்குக் கீலே கிடையாது. ஓரச் சட்டத்திலேயே மேலும் கீழும் குடுமி செதுக்கி, கீழ்க் குடுமியை வாசற்படிக் குழியில் உட்கார வைத்திருப்பார்கள். உங்கள் மடக்குக் கதவும் அதே குடுமிக் கதவுதான். குடுமி இரும்பு முளையாகவும் குழி தகடாகவும் மாறியிருக்கின்றன, அவ்வளவே. சுவரோர மடிப்பின் மேல் முளையும் கீழ் முளையும்தான் மொத்த எடையையும் தாங்குகின்றன. இரண்டாம் மடிப்பு, முதல் மடிப்பின் கீல்களில் தொங்குகிறது. அதன் தலையில் இருக்கும் ரோலர் சாதாரண மடக்குக் கதவுகளில் வழிகாட்டி மட்டும்தான், சுமை தாங்காது. அதனால் முளை ஒரு நூல் நகர்ந்தாலும் எதிர் ஓரத்தில் கதவு சாய்ந்து உரசும். வீட்டுக்காரர்கள் மரம் உப்பிவிட்டது என்பார்கள். உண்மையில் மரம் அப்படியே இருக்கும்.

எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிக்கத் தினசரி நாள்காட்டித் தாள் ஒன்று போதும். கதவை மூடிக்கொண்டு, தாளை நிலைக்கும் கதவுக்கும் இடையில் நுழைத்து மேலிருந்து கீழ் வரை இழுங்கள். தாள் சிக்கும் இடத்தில் நிலையில் பென்சிலால் கோடு போடுங்கள். இரண்டு பக்க ஓரங்களிலும் செய்து பார்த்து எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.

பாமணியாறு (மன்னார்குடி) எழுதியது:

ஐயா, தம்பி இல்லை, நான் பெண். நாளை தாளோடு இறங்குகிறேன்.

ஓடம்போக்கி (திருவாரூர்) எழுதியது:

கட்டடத் துறையில் இருப்பவன் என்பதால் சுவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் டெல்டாவின் களிமண், ஈரம் பட்டால் உப்பி, காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். கோடையில் வயலில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுவதைப் பார்க்காதவர் இங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அதே மண்ணின் மேல்தான் நம் வீடுகளும் நிற்கின்றன. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்து, பின்னாலேயே வடகிழக்குப் பருவமழையும் பிடித்தால், ஆழமில்லாத அஸ்திவாரம் ஒரு மூலையில் கொஞ்சம் எழும்பும். அதோடு நிலையும் கோணும். செவ்வகமாக இருந்த திறப்பு கோணிப்போனபின் கதவை எவ்வளவு இழைத்தாலும் பயனில்லை. கோடையில் அது மறுபடி வேறு பக்கம் கோணும்.

சோதிப்பது எளிது. திறப்பின் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு டேப்பை வைத்து அளந்துகொள்ளுங்கள். பிறகு எதிர் மூலைகளை அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நிலை நேராக இருக்கிறது. 3, 4 மி.மீ. வித்தியாசத்தைத் தகட்டின் திருகிலேயே சரிக்கட்டலாம். அதற்கு மேல் போனால், நிலையின் மேல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். இருந்தால் விரிசலின் நுனியில் பென்சிலால் தேதியோடு குறி இடுங்கள். குறியைத் தாண்டி அது வளர்ந்தால் உங்களுக்குத் தேவை தச்சர் அல்லர்.

தூக்குக்குண்டு இருந்தால் நிலைக்காலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் கயிற்றில் பூட்டைக் கட்டித் தொங்கவிட்டாலும் போதும்.

உப்பளம் (வேதாரண்யம்) எழுதியது:

கடலோரத்தில் கதவின் கதையே வேறு. இங்கே மரம் உப்புவதற்கு முன் இரும்பு துருப்பிடித்துவிடும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்கள் பக்கம் கரை கடந்தபோது ஓடு பறந்து, வீட்டுக்குள் மழை இறங்கிக் கதவெல்லாம் ஊறிப்போனது. அவசரப்பட்டு வெயிலில் நிறுத்தியவர்கள் கதவு முறுக்கிக்கொண்டது. நிழலில் சமதளத்தில், அடியில் ஒரே கனத்தில் ரீப்பர் கட்டைகளைப் போட்டுப் படுக்க வைத்து, காற்றோட்டத்தில் மெல்லக் காய விட்டவர்கள் கதவு பெரும்பாலும் தப்பியது.

அதற்குப் பிறகு இங்கே கீலும் திருகும் வாங்கும்போது கொஞ்சம் கூடுதல் விலையானாலும் பித்தளை அல்லது 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்கிறோம். கடையில் சாதாரணமாக எடுத்துக் கொடுப்பது 304. அது உப்புக் காற்றில் சில ஆண்டுகளில் பழுப்புப் புள்ளி வைக்கும். மன்னார்குடிக்கு அதெல்லாம் தேவைப்படாது. நாகை, வேதை, அதிராம்பட்டினம் பக்கத்து ஆட்களுக்காக எழுதினேன்.

அரசலாறு (கும்பகோணம்) எழுதியது:

பூஜை அறை என்றதும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. சேனலுக்குள் விரல் விட்டுப் பார்த்தீர்களா? தினமும் நல்லெண்ணெய் விளக்கு, சாம்பிராணி, கற்பூரம் என்றால் புகை நேராக மேலே போய்ச் சேனலில்தான் படியும். நான் எங்கள் வீட்டில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை விட்டுச் சுரண்டியபோது, தார் மாதிரி கறுப்பாக, கையில் ஒட்டினால் சோப்புக்கும் போகாத பிசின் வந்தது. சமையலறைப் பக்கத்துக் கதவில் தாளிப்பு எண்ணெயும் சேர்ந்துகொள்ளும்.

மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் வந்துவிடும். விளக்கை அணைத்து, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும். வாடை போகும்வரை திரும்ப விளக்கு ஏற்றக் கூடாது. தயவு செய்து தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அன்றைக்கு வழுக்கிக்கொண்டு ஓடும், அப்புறம் வீட்டுத் தூசி முழுவதும் அதில்தான் வந்து உட்காரும். சேனல் நன்றாகக் காய்ந்தபின் மெழுகுவர்த்தியை உள்விளிம்பில் இரண்டு தேய் தேய்த்தால் போதும். கடையில் சிலிக்கான் ஸ்பிரே கிடைத்தால் அதுவும் நல்லது, பிசுபிசுக்காது.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது கதவின் அடியில் தண்ணீர் தேங்குகிறதா? கதவின் அடி விளிம்புக்குப் பெயிண்டர்கள் பெரும்பாலும் வண்ணமே அடிப்பதில்லை. யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். முகம் பார்க்கும் கைக்கண்ணாடி ஒன்றைத் தரையில் வைத்துக் கதவுக்கு அடியில் நகர்த்திப் பாருங்கள், வண்ணம் படாத வெறும் மரம் தெரிந்தால் அந்த வழியாகத்தான் ஈரம் ஏறுகிறது.

பாமணியாறு (மன்னார்குடி) எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பார்த்ததை எழுதுகிறேன்.

பூஜை அறை: மூலைக்கு மூலை அளவு இரண்டும் ஒன்றுதான். சுவரில் விரிசல் இல்லை. நாள்காட்டித் தாள், கதவு வந்து மூடும் பக்கத்தில் மேலிருந்து ஒரு சாண் அளவுக்குச் சிக்குகிறது. அதற்குக் கீழே தாராளமாகப் போகிறது, அடியில் என் சுண்டுவிரல் நுனியே நுழைகிறது. முளை இருக்கும் பக்கத்தில் நேர் எதிர்: மேலே இடைவெளி அதிகம், கீழே குறைவு. அரசலாறு அம்மா சொன்ன கண்ணாடிச் சோதனையில் அடி விளிம்பு வண்ணமில்லாமல் வெறும் மரமாகத்தான் இருக்கிறது.

சாமான் அறை: எங்கேயும் உரசல் இல்லை. ஆனால் அந்த 'டக்' எப்போதும் ஒரே இடத்தில்தான் வருகிறது.

பழைய உளி (கும்பகோணம்) எழுதியது:

மன்னியுங்கள் அம்மா, பெயரைப் பார்த்து ஆண் என்று எண்ணிவிட்டேன். நீங்கள் பார்த்திருக்கும் பார்வைக்குத் தச்சுப் பட்டறையில் சேரலாம்.

பூஜை அறைக் கதவு உப்பவில்லை, சாய்ந்திருக்கிறது. உப்பியிருந்தால் மேலிருந்து கீழ் வரை ஒரே மாதிரி சிக்கியிருக்கும், இரண்டு ஓரத்திலும் இடைவெளி இருந்திருக்காது. மரம் ஈரத்தில் அகலவாக்கில்தான், அதாவது நாரோட்டத்துக்குக் குறுக்கேதான் உப்பும். நீளவாக்கில் உப்புவது கண்ணுக்கே தெரியாது. உங்கள் கதவில் ஓரச் சட்டங்களின் நார் மேல்கீழாக ஓடுகிறது, அதனால் மழையில் கதவின் உயரம் கூடாது. கதவு தரையில் இடிக்கிறது, மரம் நீண்டுவிட்டது என்று யாராவது சொன்னால் கீல் தளர்ந்திருக்கிறதா என்று திருப்பிக் கேளுங்கள். அதிலும் தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாகவே உப்பும். சரியாகக் காயாத தேக்கில் செய்தால் மட்டும் அது தன் குணத்தைக் காட்டும்.

இனி வேலை. துணைக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள். கதவைப் பாதி மடக்குங்கள். மேல் சேனலுக்குள், சுவரோரமாக, மேல் முளையைப் பிடித்திருக்கும் சிறு தகடு ஒன்று இருக்கும். அதில் ஒரே ஒரு திருகு. அதைக் கழற்ற வேண்டாம், அரைச் சுற்று, முக்கால் சுற்று தளர்த்தினால் போதும். தகடு சேனலுக்குள் நகரத் தொடங்கும். உங்கள் கதவின் தலை மூடும் பக்கமாகப் போய்விட்டது. அதனால் தகட்டை முளைப்பக்க நிலையை நோக்கி 2 மி.மீ. தள்ளுங்கள். திருகை இறுக்காமலேயே கதவை மூடித் தாளை விட்டுப் பாருங்கள். மேலிருந்து கீழ் வரை 3 மி.மீ. அளவுக்கு ஒரே சீரான இடைவெளி வந்ததும் இறுக்குங்கள்.

கீழே சாய்ந்திருந்தால் வேலை வேறு. கீழ்த் தகட்டில் வரிசையாகப் பல் வெட்டியிருக்கும். கதவை இரு கையாலும் சற்று மேலே தூக்கி, முளையை ஒரு பல் தள்ளி உட்கார வைக்க வேண்டும். கதவு மேல் சேனலில் தேய்ந்தாலோ தரையில் தட்டினாலோ, அந்தக் கீழ் முளையில் மரை இருக்கும். ஸ்பேனரால் வெளியே திருகினால் கதவு உயரும், உள்ளே திருகினால் இறங்கும். இதெல்லாம் எழுதுவதற்குத்தான் நீளம்.

ஒரு எச்சரிக்கை. கதவை முழுதாகக் கழற்ற நேர்ந்தால், ரோலரும் மேல் முளையும் ஸ்பிரிங் வைத்தவையாக இருக்கலாம்; முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு இழுக்காதீர்கள். இரண்டு மடிப்புக்கும் நடுவே விரல் வைக்காதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் எட்ட நிற்கட்டும்.

தகடு ஏன் நகர்ந்தது என்பதையும் பாருங்கள். திருகு இறுகாமல் சும்மா சுற்றினால் அதன் மரை தேய்ந்துவிட்டது, தகட்டையே மாற்ற வேண்டும். கீல் திருகு மரத்துக்குள் சும்மா சுற்றினால், துளையில் பசை விட்டு, மருந்து நறுக்கிய தீக்குச்சிகளையோ மூங்கில் சிம்பையோ இறுக்கமாக அடித்து, ஓர் இரவு காயவிட்டு, மிச்சத்தை மட்டமாக வெட்டிவிட்டுத் திரும்பத் திருகுங்கள். ஃபெவிக்கால் போன்ற எந்த மரப்பசையும் ஆகும். வெறும் தீக்குச்சியைப் பசையில்லாமல் செருகுவது தீபாவளி வரைக்கும் தாங்கும், பொங்கலுக்குத் தாங்காது.

சாமான் அறைக் கதவு ஒரே இடத்தில் தடுக்குகிறது என்றீர்கள் அல்லவா? அழுக்கு என்றால் தடுக்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே இடம் என்றால், சேனலை மேலே பிடித்திருக்கும் திருகுகளில் ஒன்று தளர்ந்து, அதன் தலை கீழே இறங்கி ரோலரை மறிக்கிறது. முக்காலியில் ஏறி டார்ச் அடித்துப் பாருங்கள்.

குடமுருட்டி (பாபநாசம்) எழுதியது:

நான் சொன்னதை இப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட்டீர்களே! எங்கள் வீட்டுக் கதவில் சித்திரையிலும் பல்லி நுழையவில்லை. வந்து பார்த்துக்கொள்ளலாம்.

பழைய உளி (கும்பகோணம்) எழுதியது:

எந்த மாதத்தில் இழைத்தீர்கள்?

குடமுருட்டி (பாபநாசம்) எழுதியது:

பங்குனியில். மழையில் உரசிய இடத்தையெல்லாம் அப்பா பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். கோடு வரைக்கும்தான் தச்சர் இழைத்தார்.

பழைய உளி (கும்பகோணம்) எழுதியது:

அப்படியானால் உங்கள் அப்பாவுக்குத் தொழில் தெரியும். மழையில் குறி, வெயிலில் இழைப்பு. இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். உண்மையிலேயே உப்பிய கதவுக்கு அதுதான் முறை. இழைத்த அன்றே அந்த ஓரத்துக்கு வார்னிஷோ பெயிண்டோ அடித்தார்களா? அடிக்காமல் விட்டால் புதிதாகத் திறந்த மரம் அடுத்த மழையில் இன்னும் அதிகமாக ஈரம் குடிக்கும்.

குடமுருட்டி (பாபநாசம்) எழுதியது:

அடித்தார்கள். மேல் விளிம்பு, கீழ் விளிம்பு உட்பட. இதிலும் குறை கண்டுபிடிக்க முடியாது.

வெண்ணாற்றுக் கரை (நீடாமங்கலம்) எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். புதிதாக வீடு கட்டுகிறோம், இப்படிக் கதவு போடலாம் என்று இருந்தேன். இதைப் படித்தால் பயமாக இருக்கிறது. பேசாமல் சாதாரணக் கதவே போட்டுவிடவா?

ஓடம்போக்கி (திருவாரூர்) எழுதியது:

இடம் இருந்தால் சாதாரணக் கதவே மேல். குறுகலான நடை, மாடிப்படிக்குக் கீழே உள்ள அறை என்று கதவு விரிய இடமில்லாத மூலைக்குத்தான் மடக்குக் கதவு பொருத்தம். போடுவதென்றால் ஈரம் படும் இடத்துக்கு ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் பிளைவுட் கேளுங்கள். ஐ.எஸ். 303 பொதுப் பயன்பாட்டுக்கு உரியது, அதிலும் சாதாரண ஈரம் தாங்கும் வகை, கொதிநீர் தாங்கும் வகை என்று இரண்டு உண்டு. மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை சமையலறைப் பக்கம் வேண்டவே வேண்டாம். ஓரத்தில் ஒருமுறை தண்ணீர் ஏறி உப்பினால் காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது. சேனலைச் சுவர்ப் பூச்சில் அடிக்க விடாதீர்கள். நிலைக்கு மேலே ஓடும் லிண்டல் கான்கிரீட்டிலோ மர நிலையிலோ பிடிக்க வேண்டும். ஜிப்சம் கூரையில் பிடித்துவிட்டு, ஆறு மாதத்தில் நடுவில் தொங்கிய சேனலைப் பார்த்திருக்கிறேன்.

பாமணியாறு (மன்னார்குடி) எழுதியது:

பழைய உளி ஐயா, நீங்கள் சொன்ன மாதிரியே பூஜை அறைத் தகடு நகர்ந்துதான் இருந்தது. சேனலில் பழைய இடத்தின் தடம் வெள்ளையாகத் தெரிந்தது. அந்தத் தடத்துக்கே தள்ளி இறுக்கியதும் கதவு நிலையைத் தொடாமல் வருகிறது. அம்மா மூன்று தரம் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் இதற்கா தள்ளிக்கொண்டிருந்தேன் என்று என்னைக் கேட்கிறார். அடி விளிம்புக்கு வார்னிஷ் இப்போதே அடிக்கலாமா?

சாமான் அறையில் திருகின் தலை இறங்கித்தான் இருந்தது. இறுக்கிவிட்டேன், குதி நின்றுவிட்டது. ஆனால் அந்த ரோலர் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து, ஓடும்போது கடகடவென்று சத்தம் வருகிறது.

அரசலாறு (கும்பகோணம்) எழுதியது:

வார்னிஷ் இப்போது வேண்டாம். ஈர மரத்தின் மேல் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்து மூடியதாகும், பிறகு உரிந்து வரும். மாசி பிறக்கட்டும். அதுவரை வீடு கழுவிய கையோடு கதவடியை உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள்.

பழைய உளி (கும்பகோணம்) எழுதியது:

ரோலரை மாற்றிவிடுங்கள். நைலான் ரோலர், விலை அதிகம் இருக்காது. ஆனால் கடைக்குப் பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். சக்கரத்தின் விட்டம், தண்டின் கனம், ஸ்பிரிங் உண்டா இல்லையா என்று ஒவ்வொரு சேனலுக்கும் மாறும். வாயால் சொல்லி வாங்கினால் இரண்டாவது நடை நடக்க வேண்டியிருக்கும். சேனலிலிருந்து ஒரு விரற்கடைத் துண்டு மிச்சம் கிடந்தால் அதையும் கொண்டுபோய்க் கடையிலேயே போட்டு உருட்டிப் பார்த்து வாங்குங்கள்.